நூலகத்தைத் திருத்துமுன் ஊரைக் கேட்போம்

சில ஆண்டுகளுக்கு முன் வன்னியிலுள்ள ஒரு மகா வித்தியாலயத்தின் நூலக அறையை நாம் திருத்திக் கொடுத்தோம். கூரை மாற்றப்பட்டது. சுவர்களுக்கு வர்ணம் பூசப்பட்டது. கண்ணாடிக் கதவுள்ள அலுமாரிகள் வாங்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வந்தன. மாலை, மங்கல விளக்கு, பாண்ட் வாத்தியம் சகிதம் திறப்பு விழாவும் நடந்தேறியது. புகைப்படம் எடுத்து, கணக்கறிக்கை எழுதி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

ஒரு மாரி கழிந்தபின் அப்பக்கம் போனபோது நூலகம் பூட்டிக் கிடந்தது. திறப்பு ஒரு மேசை லாச்சிக்குள் இருந்தது. 'புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு?' என்ற பயத்தில் அலுமாரிகளைத் திறக்க எவரும் துணியவில்லை. வந்த புத்தகங்களில் பெரும்பாலானவை எமது பிள்ளைகளால் வாசிக்க முடியாத தடித்த ஆங்கில நூல்கள். மேற்குச் சுவரோடு ஒட்டி நின்ற அலுமாரிக்குள் மழைநீர் இறங்கி, அதன் பின்னால் கறையான் புற்றெடுத்திருந்தது. அங்கே கூட்டித் துப்புரவு செய்துகொண்டிருந்த ஒரு தாய் எம்மைப் பார்த்துச் சொன்னார்: "சுவாமி, எங்களை ஒருக்காக் கேட்டிருந்தா, மாரிக்கு எந்தப் பக்கத்தாலை தண்ணி அடிக்கும் எண்டு சொல்லியிருப்பம்."

அந்த ஒரு வசனம் எம்மை வெட்கப்பட வைத்தது. தவறு அந்தப் பாடசாலையுடையதன்று, எம்முடையது. பணம் இருந்தது, நல்ல மனமும் இருந்தது. ஆனால் கேட்கவில்லை. பின்னர் வேறொரு பாடசாலையில் நூலகம் திருத்த வாய்ப்புக் கிடைத்தபோது, முதல் மூன்று மாதங்களையும் கேட்பதற்கே ஒதுக்கினோம். எமது கிராமங்களில் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் இருப்போருக்கு உதவுமென்பதால் அந்த அனுபவத்தை இங்கே தருகிறோம்.

கேள்விகளால் களைத்த மக்கள்

வன்னி மக்களுக்குக் கேள்விகள் புதியனவல்ல. 1996இல் கிளிநொச்சியிலிருந்து அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று இடம்பெயர்ந்தபோது குடும்ப விபரம் எழுதிக் கொடுத்தோம். 2002இல் போர்நிறுத்தம் வந்து ஊர் திரும்பியபோதும் எழுதிக் கொடுத்தோம். 2008இல் மீண்டும் புறப்பட்டு, தருமபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று அலைந்து, 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோதும் படிவங்களே எம்மை வரவேற்றன. 2012 செப்ரெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. படிவங்கள் ஓயவில்லை. வீட்டுத்திட்டத்துக்கு ஒன்று, காணிக்கு ஒன்று, காணாமற் போன பிள்ளைக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்தவற்றில் எத்தனைக்குப் பதில் வந்தது?

ஆகவே ஓர் அமைப்பு வந்து 'உங்கள் கருத்து என்ன?' என்று கேட்கும்போது, 'நீங்கள் என்ன செய்தாலும் நல்லதுதான்' என்று மக்கள் சொல்லிவிடுகிறார்கள். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது களைப்பு. கருத்துக் கேட்கும் வேலையின் முதற்படி, இந்தக் களைப்பை ஏற்றுக்கொள்வதே. 'கேட்பவற்றையெல்லாம் எம்மால் செய்ய முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுவோம்' என்று தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொந்தக் காணிக்கு இன்னும் திரும்ப முடியாத குடும்பங்களும் எம்மத்தியில் உண்டு. காணி கேட்டு 2017இல் வீதியோரத்தில் தொடர் போராட்டம் தொடங்கிய கேப்பாப்பிலவு மக்களை நாம் அறிவோம். இப்படியான ஒரு குடும்பத்திடம் போய் நூலகத்தைப் பற்றிக் கேட்டால், 'முதலில் காணி, பிறகு புத்தகம்' என்ற பதில் வரலாம். அது நியாயமான பதில். அதையும் கருத்தாகவே எழுதிக்கொள்ள வேண்டும். அவர்களுடைய பிள்ளையும் அதே பாடசாலைக்குத்தான் வருகிறது.

எமக்கு முன்னோர் காட்டிய வழி

நூலகம் என்பது மேலிருந்து வரவேண்டிய ஒன்று என்ற எண்ணம் எம்மிடம் வேரூன்றியுள்ளது. வரலாறு வேறு கதை சொல்லுகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் அரசாங்கத் திட்டமாகத் தொடங்கவில்லை. 1933இல் கே. எம். செல்லப்பா தமது வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934இல் ஊர்ப் பெரியோர் கூடிப் பேசினார்கள். ஒரேயொரு அறையில் 844 நூல்களுடன் அது பொதுமக்களுக்குரியதாயிற்று. பின்னர் பெரிய கட்டடம் தேவைப்பட்டபோது நகர முதல்வராயிருந்த சாம் சபாபதி, புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் போன்றோர் நிதி திரட்ட முன்னின்றனர். அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். நூலகத்துறை அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். 1959இல் கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே 31ஆந் திகதி இரவு அது எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்தத் துயரம் இன்றும் ஆறாதிருப்பதற்கு ஒரு காரணம், அதன் ஒவ்வொரு கல்லிலும் மக்களுடைய பங்கு இருந்ததே. தாம் கட்டியதை இழந்தவர்கள் அழுதார்கள்.

மேற்சொன்ன இரங்கநாதன் முதலில் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலகத்துக்குரிய ஐந்து விதிகளை எழுதினார். அவற்றின் சாரத்தை எமது பேச்சில் இப்படிச் சொல்லலாம்: புத்தகம் பூட்டி வைப்பதற்கன்று, பாவிப்பதற்கு, எந்த வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும், எந்தப் புத்தகமும் வாசகரின்றிக் கிடக்கக் கூடாது, வாசிக்க வருபவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது, நூலகம் பயிரைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும். அதே 1931இல் தஞ்சாவூர்ப் பகுதியில் மன்னார்குடிக்கு அண்மையில் மாட்டுவண்டி ஒன்று நூலகமாக மாறிக் கிராமங்களுக்குப் போனது. அதைத் தொடக்கி வைத்தவரும் அவரே. வயலில் வேலை செய்பவர் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் அவரிடம் போகட்டும் என்பது அதன் நோக்கம். எமக்கும் இது பொருந்தும்.

யாரைக் கேட்பது?

கூட்டத்துக்கு வருபவர்கள் மட்டும் ஊர் அல்லர். பாடசாலைக் கூட்டத்தில் முன்வரிசையில் இருப்போர் எப்போதும் ஏறத்தாழ ஒரே ஆட்கள்தான். நாம் ஒரு கொப்பியில் இரண்டு பட்டியல்கள் எழுதினோம். முதலாவது, அழைத்தால் வருபவர்கள். இரண்டாவது, அழைத்தாலும் வராதவர்கள். இரண்டாவது பட்டியலுக்கே கூடுதல் நேரம் கொடுத்தோம். அதில் இருந்தவர்கள்:

• தனியே குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண்கள். பகலில் கூலி வேலை, மாலையில் சமையல். கூட்டத்துக்கு வர அவர்களுக்கு நேரமில்லை.

• 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின்பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள். இத்தனை ஆண்டுகளாகியும் சங்கங்களின் பதவிகளில் இவர்களைக் காண்பது அரிது.

• பாடசாலையை இடைநிறுத்திய பிள்ளைகள். நூலகம் ஏன் பிடிக்கவில்லை என்று உண்மை சொல்லக்கூடியவர்கள் இவர்களே.

• போரில் காயமடைந்து நடக்கவோ பார்க்கவோ சிரமப்படுபவர்கள்.

• எழுத வாசிக்கத் தெரியாத பெற்றோர். 'எனக்கு வாசிக்கத் தெரியாது, என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?' என்று அவர்கள் ஒதுங்குவார்கள். ஆனால் தமது பிள்ளை வீட்டில் எங்கே இருந்து, எந்த வெளிச்சத்தில் படிக்கிறது என்பதை அவர்களே அறிவார்கள்.

எப்போது, எங்கே கேட்பது?

காலபோக விதைப்பு நேரத்தில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? அறுவடையின்போது வைத்தால் நெல்லா, நூலகமா என்ற கேள்வி எழும். நாம் கூட்டங்களைக் காலபோக அறுவடை முடிந்து, சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்குமுன் வைத்தோம். பாடசாலை மண்டபத்தில் ஒன்றே ஒன்றுதான் நடந்தது. மற்றவை கமக்காரர் அமைப்பின் கட்டடத்தில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கொட்டிலில், சனசமூக நிலைய வாசிகசாலையில், ஒரு வீட்டு முற்றத்து வேப்பமர நிழலில் நடந்தன. பாடசாலைக் கதிரையில் இருத்தினால் பெற்றோர் மாணவராகிவிடுவார்கள். வேப்பமரத்தின் கீழ் இருத்தினால் அவர்கள் ஊர்க்காரராகவே பேசுவார்கள்.

எப்படிக் கேட்பது?

'நூலகத்துக்கு என்ன வேண்டும்?' என்று நேரே கேட்டால், 'கணினி வேண்டும், ஏசி வேண்டும்' என்று பதில் வரும். அது எங்கோ பார்த்த நூலகத்தின் பதில். ஆகவே கேள்வியை மாற்றினோம். 'கடைசியாக நூலகத்துக்கு எப்போது போனீர்கள்? எதற்காக? கிடைத்ததா? கிடைக்காவிட்டால் பிறகு என்ன செய்தீர்கள்?' நடந்ததைக் கேட்டால் உண்மை வரும். பயன் தந்த நான்கு முறைகளைக் கீழே தருகிறோம்.

1. கூடி நடத்தல். பத்துப் பேரளவில் சேர்ந்து அந்த அறையைச் சுற்றி நடப்பது. ஒரு மேசன், ஒரு தச்சுத் தொழிலாளி, இரண்டு மாணவர்கள், இரண்டு தாய்மார் கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீர் எங்கே அடிக்கிறது, வெயில் எங்கே விழுகிறது, கறையான் எங்கிருந்து ஏறுகிறது என்பதை விரலால் தொட்டுக் காட்டச் செய்வது.

2. நிலத்தில் வரைதல். மணலில் தடியால் அறையின் படத்தைக் கீறி, செங்கல்லை அலுமாரியாகவும் தென்னை மட்டையை மேசையாகவும் வைப்பது. பிடிக்காவிட்டால் தூக்கி மாற்றலாம். கடதாசியில் வரைந்தால் பேனை பிடித்தவரே முடிவெடுப்பார். மணலில் எல்லோருக்கும் கை உண்டு. பங்கேற்பு முறை என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லப்படுவது இதுதான்.

3. புளியங்கொட்டை வாக்கு. வந்த யோசனைகளைத் தனித்தனி மட்டைகளில் படமாகக் கீறி நிலத்தில் வைப்பது. ஒருவருக்கு ஐந்து புளியங்கொட்டை. விரும்பியபடி பிரித்து வைக்கலாம். ஆண்கள், பெண்கள், மாணவர்கள் வெவ்வேறாக வைத்தால் யாருக்கு எது முக்கியம் என்பது தெளிவாகும். ஒன்றாக வைத்தால் முதலில் வைத்த பெரியவரின் பின்னால் மற்றவர்களின் கொட்டைகளும் போகும்.

4. பெயரெழுதாத் துண்டு. தகரப் பேணி ஒன்றில் துளையிட்டு வகுப்பறை வாசலில் கட்டிவிடுவது. முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குவதைப் பிள்ளைகள் அதில் எழுதுவார்கள். எமக்குக் கிடைத்த ஒரு துண்டில், 'கை அழுக்கு எண்டு ஏசாமல் புத்தகம் தாருங்கோ' என்றிருந்தது. காலையில் வயலில் உதவிவிட்டு வரும் பிள்ளையின் வார்த்தை அது. நூலக வாசலில் தண்ணீர்க் குழாயும் சவர்க்காரமும் வைக்கும் யோசனை அந்தத் துண்டிலிருந்தே பிறந்தது.

வந்த கருத்துகள்

கட்டடம் பற்றி நாம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே பேசினார்கள். நேரம் பற்றியே அதிகம் பேசினார்கள். நூலகம் பாடசாலை நேரத்தில் மட்டும் திறந்திருக்கிறது, அந்த நேரத்தில் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள், அப்படியானால் அது யாருக்காகத் திறந்திருக்கிறது என்று ஒரு தந்தை கேட்டார். மாலையில் இரண்டு மணித்தியாலம் திறந்தால் சாதாரண தர, உயர்தர மாணவர்கள் இருந்து படிக்கலாம். ஆனால் இருட்டுமுன் பெண்பிள்ளைகள் வீடு சேர வேண்டும் என்று தாய்மார் சொன்னார்கள். ஆகவே மூடும் நேரத்தைத் தாய்மாரே தீர்மானித்தார்கள்.

அடுத்தது திறப்பு. ஒருவரிடம் இருந்தால் அவர் லீவில் நிற்கும் நாளில் நூலகம் பூட்டு. பொறுப்பாசிரியரிடம் ஒன்று, மாணவர் நூலகக் குழுவின் தலைவரிடம் ஒன்று என்று இரண்டு திறப்புகள் வேண்டும் என்றார்கள். தொலையும் புத்தகத்துக்கு எந்தத் தனி ஆளும் பொறுப்பில்லை என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தீர்மானம் எழுதியபின்புதான் ஆசிரியர்களின் பயம் தெளிந்தது. பாவிக்கப்படும் நூலகத்தில் சில புத்தகம் தொலையும், தேயும். பூட்டிய நூலகத்திலோ எல்லாப் புத்தகமும் கறையானுக்குத்தான்.

விவசாயிகள் கேட்டது வேறு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, கூட்டெருவை எப்படிச் செய்வது, ஏக்கருக்கு எவ்வளவு இடுவது என்று தேடி அலைந்ததை நினைவுபடுத்தினார்கள். விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரங்கள் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் பிள்ளை எடுத்து வந்து வாசித்துக் காட்டியிருக்கும். அதேபோல் காணி அனுமதிப்பத்திரம் தொலைத்தவர்கள், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பற்றித் தமிழில் எளிமையாக விளக்கும் ஏதாவது இருக்குமா என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வர்த்தமானியில் வரும் வேலைவாய்ப்பு அறிவித்தல்களைச் சுவரில் ஒட்டும்படி இளைஞர்கள் கேட்டார்கள். இப்படித்தான் 'பெற்றோர் மூலை' உருவானது. நூல்களைத் தசம முறையில் பகுக்கும்போது விவசாயத்துக்கு 630 என்ற எண் வரும். இன்று அந்தக் கிராமத்துக் கமக்காரருக்கும் அந்த எண் தெரியும்.

உயர்தர மாணவர்கள் கடந்தகால வினாத்தாள்களைக் கேட்டார்கள். 2022 நெருக்கடியில் கடதாசி விலையும் கொப்பி விலையும் ஏறிய பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் போட்டோப் பிரதி எடுக்கப் பெற்றோரால் முடியவில்லை. ஒரு தொகுதியைக் கட்டி வைத்தால் முழு வகுப்புக்கும் போதும்.

முதியவர்கள் கேட்டதோ எவரும் நினையாதது. 'எங்கடை பள்ளிக்கூடத்தின்ரை பழைய மலர், பரிசளிப்பு விழா அழைப்பிதழ், படங்கள் எல்லாம் போச்சு. ஆரிட்டையாவது ஒரு துண்டு இருந்தால் அதையும் வையுங்கோ' என்றார்கள். இடம்பெயரும்போது பிறப்புப் பத்திரத்தோடு பாடசாலைப் படத்தையும் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோனவர்கள் எம்மத்தியில் உண்டு. அவர்கள் கொண்டுவந்தவற்றைப் பிரதி எடுத்து ஓர் அலுமாரித் தட்டில் வைத்தோம். இழந்துவிட்டோம் என்று நினைத்த ஈழத்துத் தமிழ் நூல்கள் பலவற்றை 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் மின்வடிவில் சேர்த்து இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பாடசாலையில் ஒரேயொரு கணினி இருந்தாலும் அவற்றை இறக்கி வைத்து வாசிக்கலாம்.

எதை முதலில் செய்வது?

யோசனைகளை மூன்று கூடைகளாகப் பிரிக்க வேண்டும்.

முதற்கூடை, பணமின்றி நாமே செய்யக்கூடியவை. மாலையில் திறத்தல், இரண்டாவது திறப்பு, அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தல், கறையான் ஏறாதபடி அதன் கால்களை எண்ணெய் விட்ட தகரப் பேணிகளில் நிறுத்துதல், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குரிய நூல்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுதல், கண்ணாடிக் கதவைக் கழற்றுதல். இவற்றை அடுத்த கிழமையே செய்துவிட வேண்டும். கேட்டால் நடக்கும் என்ற நம்பிக்கை மக்களுக்கு வருவது இங்கேதான்.

இரண்டாங்கூடை, பணமும் சிரமதானமும் வேண்டியவை. மேற்குப் பக்கத் தாழ்வாரத்தை நீட்டுதல், யன்னல் பெருப்பித்தல், வாங்கு மேசை செய்தல், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் அமைத்தல், தமிழ் நூல்கள் வாங்குதல்.

மூன்றாங்கூடை, வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியோ ஆளணியோ வேண்டியவை. முழுநேர நூலகப் பொறுப்பாளர், மின்னிணைப்பு, கட்டட விஸ்தரிப்பு. இவற்றுக்கு ஊரின் கையொப்பத்துடன் கடிதம் எழுதிப் பிரதியை வைத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால், 2017 பெப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கடிதம் எந்த நிலையில் இருக்கிறது என்று விண்ணப்பித்துக் கேட்கலாம்.

பணம் தருபவர் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களின் உதவியின்றி இன்று எமது பாடசாலைகளில் அதிகம் நடப்பதில்லை. அவர்களுக்கு நன்றி உரித்து. ஆனால் தாய்மார் நீர் இறங்கும் சுவரைத் திருத்தக் கேட்கும்போது, உதவுபவர் வாசலில் வளைவு கட்டக் கேட்டால் என்ன செய்வது? எமக்கு இந்தச் சங்கடம் நேர்ந்தது. புளியங்கொட்டை வாக்கின் படத்தை எடுத்து அவருக்கு அனுப்பினோம். 'ஐயா, உங்களுக்கும் ஐந்து கொட்டை இருக்கு, எங்கே வைக்கலாம்?' என்று கேட்டோம். அவர் சுவருக்கே வைத்தார். எல்லோரும் இப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊரின் கருத்து கையில் இருந்தால் பணிவோடு மறுத்துப் பேச எமக்கு ஒரு பலம் இருக்கும்.

கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்

இறுதியானதும் முதன்மையானதும் இதுவே. கேட்டு முடிந்த ஒரு மாதத்துக்குள் எல்லோரையும் மீண்டும் கூட்டி, ஒவ்வொரு யோசனையையும் வாசித்து, 'இது செய்தாயிற்று, இது தைப்பொங்கலுக்குமுன் நடக்கும், இது எங்களால் முடியாது, காரணம் இது' என்று சொல்ல வேண்டும். நாம் 'முடியாது' என்று சொன்னபோது எவரும் கோபிக்கவில்லை. 'முடியாது எண்டாவது சொன்னியளே' என்று ஒரு ஆச்சி எமது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இத்தனை ஆண்டு படிவங்களுக்குப் பின் அவருக்குக் கிடைத்த முதற் பதில் அதுவாக இருக்கலாம். வரவு செலவையும் பாடசாலை வாசலில் ஒரு பலகையில் எழுதிப் போடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்குப் பிள்ளை வாசித்துக் காட்டும்.

அந்த நூலகம் குறைகளற்றதன்று. பொறுப்பாசிரியர் மாறிப் போனபோது சில கிழமைகள் தடுமாறியது. மாரியில் இன்னும் ஒரு மூலை ஈரமாகிறது. ஆனால் மூலை ஈரமானதை எமக்கு அறிவித்தது மாணவர் நூலகக் குழு. அறிவிப்பதற்கு முன்பே புத்தகங்களை அவர்கள் நகர்த்தியும் இருந்தார்கள்.

அன்பான பெற்றோரே, கமக்காரரே, உங்கள் ஊர்ப் பாடசாலையில் நூலகம் திருத்தும் பேச்சு எழுந்தால், அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்: 'பிள்ளைகளைக் கேட்டாயிற்றா?' பிறகு அந்த அறையைச் சுற்றி ஒருமுறை நடவுங்கள். மழை எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.